எந்த நாலு மணி?

"எந்த நாலு மணி?" என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது.

டைம்கீப்பர் கணினித் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். துடைத்த பிறகும் கேள்வி அதேதான்.

முப்பத்திரண்டு வருடம் பேருந்துப் பணிமனை வாசலில் விசிலும் அட்டையுமாக நின்று, வண்டிகளை நிமிடம் பிசகாமல் அனுப்பிவைத்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. பால் போடுகிறவரிலிருந்து பல் மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து எந்த நாலு மணி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"நாலு மணின்னா நாலு மணி. இதுல எந்த, என்னன்னு என்ன கேள்வி?" என்று மைத்துனியிடம் எரிந்து விழுந்தார்.

மைத்துனி தையல்காரி. அடுத்த தெருவில் கடை. மதியச் சாப்பாட்டை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இருக்கிற அரைமணி நேரத்தில் ஏதாவது ஒரு துணிக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருப்பாள். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் அவளால் பதில் சொல்ல முடிந்தது.

"அது எங்கயோ ஒரு தீவுல இருக்கிற பள்ளிக்கூடம் அத்தான். இங்க சாயங்காலம் நாலு மணின்னா அங்க ராத்திரி பன்னண்டரை மணி. உங்க நாலு மணியா, அவங்க நாலு மணியான்னு கேட்கிறாங்க. நியாயந்தானே?"

நியாயம்தான். அதனால்தான் அவருக்குக் கோபம். இருபத்துமூன்று ஊர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் 'மாலை சரியாக நாலு மணிக்கு' என்றே இருந்தது. 'சரியாக' என்பதற்கு அடியில் அவரே கோடும் போட்டிருந்தார். அப்படியே விட்டால், உலகம் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை படம் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் ஓடாது.

ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

அவள் என்றால் அவர் மனைவி. ஆவணப்படம் எடுக்கிறவள். கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த ஒரு கரையை, பதினோரு வருடம், வருடத்துக்கு மூன்று முறை போய்ப் போய்ப் படம் பிடித்தாள். பூமி சூடேறுகிறது, பனி உருகுகிறது என்று பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்ததை, அவள் நாலு தெருவும் ஒரு பள்ளிக்கூடமுமாகக் காட்டினாள். படத்தின் பெயர் 'கரை இருந்த இடம்'. எழுபத்தொரு நிமிடம். கடைசித் துண்டை ஒட்டி முடித்த வாரம்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"என்னங்க, படம் இருபத்துமூணு ஊர்ல வெளியாகணும்," என்றாள் ஒருநாள், படுக்கையில் சாய்ந்தபடி. "எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல. ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகக் கூடாது."

"ஏன் அப்படி?"

"கடல் எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துலதானே ஏறுது? தேதி குறிச்சிட்டேன். இதை உங்களைத் தவிர வேற யாராலயும் செய்ய முடியாது."

அவர் தலையை ஆட்டினார். நீயே எழுந்து வந்து செய் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். அவள் குறித்த தேதிக்கு அன்றிலிருந்து பதினேழு வாரம் இருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். டைம்கீப்பர் அழவில்லை. அழுவதற்கென்று ஒரு வாரம் கழித்து அவர் உட்கார்ந்த அன்றுதான் தீவுப் பள்ளிக்கூடத்தின் கடிதம் வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலமே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். தெரிந்த வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கி, ஓடாத கடிகாரம், ஓடினாலும் யாரும் பார்க்காத கடிகாரம் என்று இருபத்துமூன்றைத் திரட்டி, ஓடாதவற்றை ஓட வைத்தார். சமையலறைச் சுவர் முழுக்க ஆணி அடித்தார். ஒவ்வொரு கடிகாரத்துக்குக் கீழும் ஓர் ஊர்ப் பெயர். அடுப்புக்கு மேலே பனி தேசத்து நூலகம். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மீனவர் சங்கம். எல்லாம் சேர்ந்து டிக் டிக் என்று அடித்ததில், தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் பரீட்சைக் கூடத்துக்குள் போவது மாதிரி இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்ததில், இங்கே நாலு மணி என்றால் பனி தேசத்து நூலகத்தில் விடிகாலை மூன்றரை மணி.

"பாவம், மூன்றரை மணிக்கு எழுந்து யாரு வருவாங்க?" என்று நூலகத்துக்கு எழுதிக் கேட்டார்.

'பதினோரு பேர் சம்மதித்திருக்கிறார்கள். கம்பளி கொண்டுவரச் சொல்லட்டுமா?' என்று பதில் வந்தது.

அந்தக் கம்பளி அவர் மனதை என்னமோ செய்தது. சரி, இங்கே ஆறு மணிக்கு வைத்தால் அவர்களுக்கு ஐந்தரை மணி ஆகும், கொஞ்சம் விடிந்திருக்கும் என்று எல்லோருக்கும் ஆறு மணி என்று எழுதினார். மறுநாள் சுவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தீவுப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டரை மணி இரண்டரை மணியாகியிருந்தது. அங்கே பார்க்கப்போவதோ பிள்ளைகள். உடனே பழையபடி நாலு மணி என்று இன்னொரு கடிதம் அனுப்பினார்.

"ஒருத்தரைத் தூங்க வைக்கணும்னா இன்னொருத்தரை எழுப்ப வேண்டியிருக்கு," என்று மைத்துனியிடம் புலம்பினார். "பூமி உருண்டையா இருக்கிறதுல இவ்வளவு சிரமம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

இப்போது சில ஊர்களில் நாலு மணி, சில ஊர்களில் ஆறு மணி. ஒரு கல்லூரியில் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்து, இரண்டு தடவை போடுவதாக முடிவு செய்திருந்தார்கள். டைம்கீப்பர் யோசித்து, 'இதுவரை வந்த கடிதங்கள் எதையும் கவனிக்க வேண்டாம்' என்று ஒரே வரியில் எல்லோருக்கும் எழுதினார்.

மறுநாள் மீனவர் சங்கத் தலைவர் தொலைபேசியில் வந்தார்.

"எதையும் கவனிக்க வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அப்ப படம் உண்டா, இல்லையா?"

"உண்டுங்க."

"அதைக் கவனிக்கலாமா?"

இந்தக் குளறுபடியைச் சரிசெய்யவே இரண்டு வாரம் ஆனது. கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தார். ஒவ்வோர் ஊருக்கும் பேருந்து மாதிரி ஒரு தட எண் கொடுத்து, புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம் என்று அட்டவணை போட்டு அனுப்பினார். நன்றாகத்தான் இருந்தது. பதினேழாம் எண்ணை மட்டும் இரண்டு ஊருக்குக் கொடுத்திருந்தார்.

பிறகு எழுத்துப் பிரச்சினை வந்தது. படத்துக்கு அடியில் ஓடும் எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது, எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது என்று இன்னொரு கடற்கரை ஊரிலிருந்து எழுதியிருந்தார்கள். டைம்கீப்பர் படத்தொகுப்பாளரை வரவழைத்தார்.

படத்தொகுப்பாளருக்குக் கத்தரி என்று பெயர். ஐம்பது வயது. பதினோரு வருடமும் அவளோடு கூடவே உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டியவர். முழங்கால் வலி என்பதால் மாடிப்படியைப் பார்த்ததுமே முனக ஆரம்பித்துவிடுவார்.

"எழுத்தைப் பெருசாக்குங்க," என்றார் டைம்கீப்பர்.

கத்தரி பெரிதாக்கினார்.

"இன்னும்."

இன்னும் பெரிதாக்கினார். இருவரும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"சார், இப்ப ஒரு சின்னச் சங்கடம். கடல் பத்தின படத்துல கடலைத் தவிர எல்லாம் தெரியுது."

எழுத்தை மேலே தூக்கி வைத்தார்கள். கடல் தெரிந்தது, பேசுகிறவர்களின் தலை போய்விட்டது. ஓரமாக ஒதுக்கினார்கள். வரிகள் மடிந்து, 'வீடு' என்ற சொல் பாதி ஓரிடத்திலும் பாதி இன்னோரிடத்திலும் நின்றது. மூன்று நாள் போராடி, கடைசியில் கறுப்புப் பட்டை ஒன்றைப் படத்துக்கு வெளியே கீழே ஒட்டி, அதில் எழுத்தைப் போட்டார்கள். அதைத்தான் முதல் நாளே கத்தரி சொல்லியிருந்தார்.

அந்த மூன்று நாளும் கத்தரி ஒன்றைக் கவனித்தார். டைம்கீப்பர் படத்தைச் சத்தம் இல்லாமலேதான் பார்த்தார். ஒலிப்பெட்டியின் திருகைக் கடைசிவரை இறக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

"சத்தம் சரியா இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடலாமே சார்?"

"அதை நீங்க பாருங்க."

"ஒரு பத்து நிமிஷம்..."

"எழுத்து என் வேலை. சத்தம் உங்க வேலை," என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போய்க் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தார். பாதிக் கடிகாரங்களுக்குச் சாவியே கிடையாது. பேட்டரியில் ஓடுகிறவை. கத்தரி சத்தத்தைத் தானே சரிபார்த்துக்கொண்டார். படம் முழுக்க ஓடிய பின்னணிக் குரல் யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

இப்படியே போயிற்று. ஓர் ஊரில் நாற்காலி போதவில்லை. இன்னோர் ஊரில் திரை போதவில்லை. வேறோர் ஊரில் பக்கத்து அறையில் பாட்டு வகுப்பு. எந்த வாரமும் சும்மா போகவில்லை. ஒன்றை முடித்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நின்றது. சாப்பிடும்போது, மைத்துனி எழுதிக்கொள்ளக் கடிதம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். கடித வேலை இருந்ததால் சாப்பிடவும் செய்தார். முகம் மழித்துக்கொண்டார், ஏனென்றால் திரையில் தோன்றிப் பேச வேண்டியிருந்தது. பகலெல்லாம் அலைந்த அலுப்பில் படுத்ததும் தூங்கிப்போனார்.

பதினைந்தாவது வாரம் மைத்துனி மெதுவாகக் கேட்டாள்.

"இது முடிஞ்சதும் என்ன பண்ணப் போறீங்க அத்தான்?"

அவர் காது கேளாதவர் மாதிரி அட்டவணையில் ஒரு கோட்டை அழித்துவிட்டு, அதே இடத்தில் அதே கோட்டைப் போட்டார்.

அந்த நாள் வந்தது.

உள்ளூர்த் திரையிடலுக்குப் பணிமனையின் பயிற்சி அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். ஓட்டுநர்களுக்குப் பாடம் நடத்தும் அறை. சுவரில் எஞ்சின் படம், நாற்பது நாற்காலி. பழைய கூட்டாளிகள் சீருடையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்தே மழை. அந்த மாதத்தில் பெய்யக்கூடாத மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகி, வாளி வைத்திருந்தார்கள்.

"இந்த மழை உங்க அட்டவணையில இருக்கா?" என்று ஒரு நடத்துநர் கேட்டார்.

"என் பொண்டாட்டி படத்துல இருக்கு. உட்காருய்யா," என்றார் டைம்கீப்பர்.

மேசையில் கத்தரியின் மடிக்கணினி. அதன் திரையில் இருபத்திரண்டு சின்னச் சின்னச் சதுரம். ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் ஊர். நூலகத்தில் பதினோரு பேருக்குப் பதிலாக முப்பது பேர் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தீவில் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் ஊராக 'தயார்' என்றது. டைம்கீப்பர் ஒவ்வொன்றாக டிக் அடித்தார்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு மின்சாரம் போனது.

அறை இருண்டது. ப்ரொஜெக்டர் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. மடிக்கணினி மட்டும் அதன் பேட்டரியில், கத்தரியின் கைபேசி இணைப்பில் தாக்குப்பிடித்தது.

"சார், மத்தவங்களைத் தொடங்கச் சொல்லிடலாமா?" என்றார் கத்தரி. "நாம அப்புறம் போட்டுக்கலாம். இருபத்திரண்டு ஊர் ஒரே நேரத்துல ஓடினா போதாதா?"

"அவ இருபத்துமூணுன்னா."

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியையும் நிறுத்திப் பிடித்து வைத்ததில்லை அவர். நேரம் ஆனால் அமைச்சரே ஓடி வந்தாலும் விசிலை ஊதிவிடுகிற ஆள். அவர் மடிக்கணினிக்கு முன் குனிந்து, "எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. நான் சொல்லும்போது போடுங்க," என்றார். உலகத்தில் இருபத்திரண்டு இடங்களில் இருபத்திரண்டு விரல்கள் விசைக்கு மேல் அப்படியே நின்றன.

நாலு மணி ஆனது. நாலு ஒன்று. நாலு மூன்று. வாளியில் தண்ணீர் சொட்டியது. நாலு ஆறுக்கு விளக்கு எரிந்தது.

டைம்கீப்பர் நிமிர்ந்தார். என்ன சொல்லித் தொடங்க வேண்டும் என்று இரண்டு வாரமாக எழுதி வைத்திருந்த உரை சட்டைப் பையில் இருந்தது. அது நினைவுக்கு வரவில்லை. அவர் வாயில் வந்தது வேறு.

"போலாம், ரைட்!" என்று கத்தினார்.

இருபத்துமூன்று ஊர்களிலும் படம் ஒரே நொடியில் நகர்ந்தது.

முதலில் கடல் தெரிந்தது. பிறகு அவள் குரல் கேட்டது.

"இந்தக் கரைக்கு நான் முதல்ல வந்தப்ப, தண்ணியைப் பார்க்கவே அரை மணி நேரம் நடக்கணும்..."

டைம்கீப்பரின் கை தன்னையறியாமல் ஒலிப்பெட்டியின் திருகைத் தேடியது. அது சுவரோரத்தில் எட்டாத இடத்தில் இருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்தார். பதினேழு வாரத்துக்குப் பிறகு அவள் பேசினாள். சளி பிடித்தால் வருகிற அந்தக் கரகரப்பு. வாக்கிய நடுவில் மூச்சு வாங்கிக்கொள்கிற அந்த நிறுத்தம்.

படத்தில் ஒரு பெண் படகில் நின்று தண்ணீரைச் சுட்டிக் காட்டினாள். "அதோ, அந்த அலை உடையுதில்ல, அங்கதான் என் சமையல்கட்டு. அதுக்கு இந்தப் பக்கம் என் மாமியார் படுக்கிற இடம்." வழி சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பிறகு பள்ளிக்கூடத்தின் கூரை மட்டும் தெரிந்தது. அதற்கடுத்த வருடம் அதுவும் தெரியவில்லை.

ஐம்பதாவது நிமிடத்தில், கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பேருந்து நிறுத்தக் கம்பம் நின்றது. தகட்டில் தட எண்கூட அழியவில்லை.

"காலையில ஏழு இருபதுக்கு இங்க ஒரு பஸ் வந்திட்டிருந்தது," என்றது அவள் குரல். "என் வீட்டுக்காரர் சொல்லுவார், நிறுத்தம்னு ஒண்ணு இருந்தா வண்டி வந்தே ஆகணும்னு. நிறுத்தம் இருக்குங்க. ஊரைத்தான் காணோம்."

ஓட்டுநர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டைம்கீப்பர் வாய்விட்டு அழுதார். நாற்பது பேர் இருக்கிறார்கள், இருபத்திரண்டு ஊர் பார்க்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. மைத்துனி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயில் அன்று குண்டூசி இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

படம் முடிந்ததும் சின்னச் சதுரங்களில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கம்பளியோடு நின்றார்கள். தீவில் பாதிப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்கள். மீதிப் பேர் கை தட்டியதில் அவர்களும் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

மறுநாள் காலை டைம்கீப்பர் வழக்கம்போல எழுந்து கணினி முன் உட்கார்ந்தார். கடிதம் ஒன்றும் இல்லை. எட்டு மணிக்குப் பார்த்தார். இல்லை. எட்டரைக்குக் கத்தரியைக் கூப்பிட்டார்.

"இங்க கடிதமே வர மாட்டேங்குது. என்னமோ பழுதுன்னு நினைக்கிறேன். ஒண்ணு அனுப்பிப் பாருங்க."

கத்தரி அனுப்பினார். வந்தது. 'சோதனை' என்று ஒரே ஒரு சொல். டைம்கீப்பர் அதற்கு, 'கிடைத்தது, நன்றி' என்று பதில் எழுதினார். எழுதிவிட்டு வேறு எழுத ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வீடு பெரிதாக இருந்தது. அவள் செருப்பு வாசலில் அப்படியே கிடந்ததை அன்றுதான் சரியாகப் பார்த்தார். இடது செருப்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது. சமையலறைக்குப் போய்க் கடிகாரங்களைச் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்தார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும். அதற்கு அடுத்த நாளைப் பற்றி நினைத்ததும் கை ஓய்ந்து, நான்காவது கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தொலைபேசி அடித்தது.

"டைம்கீப்பர் சாருங்களா? நான் கலங்கரை விளக்கத்துல காவல் பார்க்கிறவன்," என்றது ஒரு வயதான குரல். காற்று இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குரல். "உங்க அட்டவணையில இருபதாம் நம்பர். நேத்து படம் நல்லா ஓடுச்சுங்க. ஆனா இன்னைக்கு எங்களுக்கு ஒரு சிக்கல்."

டைம்கீப்பரின் முதுகு நிமிர்ந்தது. கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சொல்லுங்க, என்ன சிக்கல்?"

மறுமுனையில் காகிதம் சரசரத்தது.

"அதாங்க தெரியல; 'படம் முடிஞ்ச மறுநாள் உங்க முறை, மத்த ஊர்க்காரங்க வாராவாரம் குடுக்கிற மாதிரி நீங்களும் ஒரு சிக்கல் குடுங்க, அவரைச் சும்மா உட்கார விட்டுடாதீங்க'ன்னு உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருந்து எழுதி அனுப்பின தாளு என் கையிலதான் இருக்கு, ஆனா என்ன சிக்கல்னு எழுதியிருந்த இடத்தை மட்டும் கடல்தண்ணி அழிச்சிட்டுதுங்க!"